எரியுதா

ஓடைக்கு அந்தப் பக்கம்
மாட்டுச்சாணி கொட்டுகிற மேட்டில்தான் கொழுத்து நிற்கும்.
தண்டு முழுக்கக் கண்ணாடி மயிர்.
நாங்கள் செந்தட்டி என்போம்,
ஆக்னஸ் வீட்டில் காஞ்சொறி.
தொட்டவருக்கு எந்தப் பெயரானாலும் ஒன்றுதான்.

கீழிருந்து மேலாக, மயிர் படிகிற திசையில்
இறுக்கிப் பிடித்தால் கடிக்காது.
தயங்கித் தொட்டால் விடாது.
புருஷன்மாரைப் பற்றியும் இதையேதான் சொன்னார்கள்
கல்யாணத்துக்கு முந்தின ராத்திரி.

ஜீப்பு குழந்தைவேலு என்றால் மேல்மலை முழுக்கத் தெரியும்.
பூம்பாறையிலிருந்து வடுகபட்டிச் சந்தைக்கு
இருபத்திரண்டு வருஷம் பூண்டு மூட்டை.
எந்த வளைவிலும் ஸ்டியரிங்கை விடாத இடதுகை
ஐப்பசி மழையில் ஒரு விடியக்காலை
காப்பித் தம்ளரை விட்டது.

தேனி பெரியாஸ்பத்திரியில்
மஞ்சள் ரப்பர் பந்து ஒன்று கொடுத்து
அமுக்கச் சொன்னார்கள்.
பந்தை இப்போது பூனை உருட்டுகிறது.

விதைப்பூண்டு வாங்க வந்த கவுஞ்சிக்காரர் ஒருவர்
செத்த நரம்பைச் செந்தட்டிதான் எழுப்பும் என்றார்,
வெயில் ஏறுமுன் விளாறு விளாறாய் அடி என்றார்.
டாக்டரிடம் கேட்டேன்.
அவர் சிரிக்கவுமில்லை, சரியென்றும் சொல்லவில்லை.

முதல் நாள் எரிந்தது எனக்குத்தான்.
உரச்சாக்கைக் கையில் சுற்றியும் மணிக்கட்டில் பட்டுவிட்டது.
தலைமுடியில் தேய்த்துத் தேய்த்து ஆற்றிக்கொண்டேன்.
தோளிலிருந்து விரல் வரை அடித்தேன் அவரை.
பாசிப்பயறு பாசிப்பயறாய்த் தடிப்பு எழும்பியது.
தோலுக்குத் தெரிகிறது.
"எரியுதா?"
"இல்ல."
அந்த இல்லையைச் சொல்லவும்
வாய் ஒரு பக்கமாய் இழுத்துக்கொள்ளும்.

மிச்சத்தை வீணாக்குவதில்லை.
கொழுந்தை இடுக்கியால் கிள்ளிக் கொதிநீரில் போட்டால்
ஒரு கொதியில் கோபம் போய்விடும்.
நாலு பல் பூண்டு, கல்லுப்பு, மிளகு.
முருங்கைக்கீரையைவிட ருசி என்பேன்,
இந்தக் குளிரில் முருங்கை வராது என்பதாலும் இருக்கலாம்.
முற்றிய தண்டை ஊறப்போட்டு உரித்த நாரில்தான்
பீன்ஸ் பந்தலின் மேற்கு மூலை கட்டியிருக்கிறது.
காட்டுமாடு முட்டியதில் கம்பு முறிந்தது,
கட்டு அவிழவில்லை.

மார்கழிக் கடைசி. உறைபனி.
மேட்டில் எல்லாம் கருகிக் கிடந்தது.
நாற்பது நாள் தவறாமல் அடித்தாயிற்று,
ஒரு நாள் விட்டால் அத்தனையும் போய்விடுமோ என்று
பாறையிடுக்கெல்லாம் தேடினேன்.
அதே பல் பல்லான இலை, அதே பச்சை,
கடிக்காத செடி ஒன்று உண்டு. ஆடு தின்னும்.
பெயர்கூட யாரும் வைக்கவில்லை.
கடிக்காததற்கு எதற்குப் பெயர்?
அதை ஒடித்து வந்தேன்.
வழக்கம்போல் சாக்கையும் சுற்றிக்கொண்டேன்.

"எரியுதா?"
என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.
"ம்."
பிறகு,
"கொஞ்சமா. சுண்டுவிரல்ல."

தோலில் ஒன்றுமில்லை.
இலையிலிருந்த பனி ஒட்டிய ஈரம் மட்டும்.

எத்தனை நாளாய்
அந்த ஒரு சொல்லை எனக்காக வைத்திருந்தாரோ.
சாக்கைப் பிரித்து உதறினேன்.
"சுண்டுவிரல்லதான் மொதல்ல வரும்னு சொன்னாங்க" என்றேன்.
யாரும் அப்படிச் சொல்லவில்லை.

அன்றைக்குக் கீரை இல்லை. வெறும் பூண்டு ரசம்.
வலதுகையால் பிசைந்து இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டார்.
ஜீப்பை விற்க வேண்டாம் என்றார்.
சரி என்றேன்.

தை பிறந்து நாலு நாள்.
கருகின தூரிலிருந்து
சிவப்பாய் இரண்டு இலை விட்டிருக்கிறது.
குனிந்து
வெறும் விரலால் தொட்டுப் பார்த்தேன்.
விளக்கு வைக்கும்வரை எரிந்தது.
தலைமுடியில் தேய்க்கவில்லை.